புரையேறினால் தலையில் தட்டினால் போதுமா? விழுங்கல் சிரமத்தை வீட்டிலேயே அடையாளம் காண ஒரு முழுமையான வழிகாட்டி

வீட்டில் யாருக்காவது புரையேறினால் உச்சந்தலையில் இரண்டு தட்டு தட்டி, "யாரோ நினைக்கிறாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வாய்க்குப் போய்விடுவது நம் வழக்கம். எப்போதாவது ஒருமுறை என்றால் அதில் தப்பில்லை. பக்கவாதம் வந்து எழுந்த அப்பாவுக்கோ, எழுபது தாண்டிய பாட்டிக்கோ வாரத்தில் மூன்று நான்கு நாள் புரையேறுகிறதென்றால் கதை வேறு.

விழுங்கச் சிரமப்படுகிறவர்கள் அதை வாய்விட்டுச் சொல்வது அபூர்வம். தெரிந்தோ தெரியாமலோ தங்கள் சாப்பாட்டை மாற்றிக்கொள்வார்கள். சப்பாத்தியை ஒதுக்குவார்கள். டம்ளர் தண்ணீரில் பாதியை வைத்துவிடுவார்கள். எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு தனியாக உட்காருவார்கள். "பசிக்கலடா" என்பார்கள். வயசானால் சாப்பாடு குறையும்தானே என்று வீடும் விட்டுவிடும். அதனால் நோயைக் கண்டுபிடிக்கும் வேலை பெரும்பாலும் பரிமாறுகிறவர் தலையில்தான் விழுகிறது. இந்த வழிகாட்டி அவருக்காக. குழந்தைகளின் விழுங்கல் தனிப் பாடம். இங்கே பெரியவர்களைப் பற்றி மட்டும்.

முதலில், உள்ளே நடப்பது என்ன?

ஒரு கவளம் வயிற்றுக்குப் போய்ச் சேர 25-க்கும் மேற்பட்ட தசைகளும், மூளையிலிருந்து வரும் 5 ஜோடி நரம்புகளும் வரிசை தப்பாமல் வேலை செய்ய வேண்டும். மெல்லுவதும் நாக்கால் பின்னுக்குத் தள்ளுவதும் நம் கட்டுப்பாட்டில் இருப்பவை. தொண்டைக்குள் போன பிறகு நாம் நினைத்தாலும் நிறுத்த முடியாது. ஏறத்தாழ 1 நொடிக்குள் மெல்லண்ணம் எழும்பி மூக்கு வழியை அடைக்கும், குரல்வளை மேலே ஏறும், குரல் நாண்கள் ஒட்டிக்கொள்ளும், குரல்வளை மூடி கவிழும், மூச்சு நிற்கும். கழுத்தில் விரலை வைத்து எச்சிலை விழுங்கிப் பாருங்கள், அந்த ஏற்றம் விரலுக்குத் தெரியும். ரயில் வரும் நேரத்தில் லெவல் கிராசிங் கேட் விழுவதுபோல, உணவு கடக்கும் நேரத்தில் மூச்சுப் பாதை மூடப்படுகிறது. பிறகு உணவுக்குழாய் கவளத்தை வாங்கிக்கொண்டு பத்து நொடி அளவில் வயிற்றில் சேர்க்கும்.

கேட் விழுவது கொஞ்சம் தாமதமானால் என்ன ஆகும்? இட்லித் துண்டு மெதுவாக வரும். தாமதமான கேட்டுக்கும் அவகாசம் கிடைக்கும். தண்ணீர் பாய்ந்து வந்து மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். "கெட்டியா எதுவும் வேண்டாம், தண்ணியா குடுங்க" என்பது நோயாளியைப் பார்க்க வரும் உறவினர் எல்லோரும் சொல்லும் வைத்தியம். நரம்புக் கோளாறால் வரும் சிரமத்தில் பல நேரம் நேர் எதிரானதுதான் உண்மை: தண்ணீர், காபி, மோர், தெளிந்த ரசம் இவைதான் ஆபத்தில் முதல் இடம் பிடிப்பவை.

படி 1: எங்கே நிற்கிறது என்று கேளுங்கள்

"முழுங்க கஷ்டமா இருக்கா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். "சாப்பிடும்போது தொண்டையில சிக்குதா, நெஞ்சுல நிக்குதா?" என்று கேட்டால் ஆட்கள் யோசித்துப் பதில் சொல்வார்கள்.

விழுங்கத் தொடங்கிய உடனே இருமல், புரையேறுதல், மூக்கு வழியாகத் தண்ணீர் வருதல் என்றால் கோளாறு வாயிலோ தொண்டையிலோ இருக்கலாம். நரம்பு, தசை நோய்களில் இது அதிகம். விழுங்கி முடித்துச் சில நொடி கழித்து "நெஞ்சுக்குள்ள அடைச்சுக்கிட்டு நிக்குது" என்றால் உணவுக்குழாயைச் சந்தேகிக்க வேண்டும். அடைப்பு நெஞ்சில் இருப்பதாகக் காட்டினால் அந்த இடம் பெரும்பாலும் சரியாக இருக்கும். கழுத்தைக் காட்டினால் அப்படியே நம்பிவிட முடியாது, உணவுக்குழாயின் அடிப்பகுதியில் உள்ள அடைப்பும் கழுத்தில் இருப்பதுபோல் உணரப்படுவது உண்டு.

அடுத்த கேள்வி: திட உணவு மட்டுமா, தண்ணீருமா? முதலில் சப்பாத்தி, கறி நின்றது. இரண்டு மூன்று மாதத்தில் குழைந்த சாதமும் நிற்கிறது. இப்போது கஞ்சி மட்டும் போகிறது என்று ஒருவர் சொன்னால், குழாய் படிப்படியாகக் குறுகுகிறது. புற்றுநோய் இப்படித்தான் வரும். நாள்பட்ட அமிலப் புண்ணால் ஏற்பட்ட தழும்பும் இப்படிக் காட்டும். எது என்பதை எண்டோஸ்கோபிதான் சொல்லும். ஆரம்பம் முதலே சோறும் நிற்கிறது, தண்ணீரும் நிற்கிறது என்றால் உணவுக்குழாயின் அசைவில் கோளாறு. அக்கலேசியா என்ற நோயில் குழாயின் கீழ்வாய்த் தசை தளர மறுக்கும். இரவில் படுத்ததும் செரிக்காத சோறு தலையணையில் வந்து விழும். வருடக்கணக்காக 'கேஸ்' மாத்திரை சாப்பிட்ட பிறகே இதைக் கண்டுபிடித்தவர்கள் பலர்.

விழுங்கும்போது வலி என்பது தனி அறிகுறி. தொண்டைப் புண், கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோயில் வரும் பூஞ்சைத் தொற்று, சில மாத்திரைகள் குழாயில் ஒட்டி உண்டாக்கும் புண் எனக் காரணங்கள் பல. டாக்சிசைக்ளின் மாத்திரையையும், எலும்புத் தேய்மானத்துக்குத் தரும் அலெண்ட்ரோனேட்டையும் ஒரு வாய்த் தண்ணீரில் முழுங்கிவிட்டு உடனே படுப்பவர்களுக்கு இந்தப் புண் வரலாம்.

சாப்பிடாத நேரத்தில் தொண்டையில் ஏதோ உருண்டை இருப்பதுபோல் தோன்றி, சாப்பிடும்போது மறைந்துபோனால் பெரும்பாலும் பயப்பட வேண்டியதில்லை. ஒரே பக்கமாக நீடித்தாலோ, எடை குறைந்தாலோ, குரல் மாறினாலோ இ.என்.டி. டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

படி 2: ஒரு வேளைச் சாப்பாட்டைக் கூட உட்கார்ந்து பாருங்கள்

வீட்டில் செய்யக்கூடிய மிகப் பெரிய பரிசோதனை இதுதான். செலவு இல்லை, கருவி இல்லை, பொறுமை மட்டும் வேண்டும். தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, அவர் எதிரே அல்லது சற்றுப் பக்கவாட்டில் உட்காருங்கள். சோதிக்கிறோம் என்று காட்டிக்கொள்ள வேண்டாம். காட்டினால் மனிதர்கள் நன்றாகவே சாப்பிட்டுக் காட்டுவார்கள். வழக்கமான சாப்பாடே இருக்கட்டும்.

முதலில் நேரத்தைக் கவனியுங்கள். முன்பு பதினைந்து நிமிடத்தில் முடித்தவர் இப்போது அரை மணி நேரத்துக்கு மேல் இழுக்கிறாரா? அடுத்து வாய். உதட்டோரம் வழிகிறதா? ஒரே கவளத்தை வெகுநேரம் மென்றுகொண்டே இருக்கிறாரா? ஒரு கவளத்துக்கு இரண்டு மூன்று முறை தொண்டை ஏறி இறங்குகிறதா? ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் ஊற்றித் தள்ளுகிறாரா? சாப்பிட்டு முடித்ததும் வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். பக்கவாதத்தில் பலவீனமான பக்கக் கன்னத்தில் சோறு உருண்டையாகத் தங்கியிருக்கும், அவருக்கே தெரியாது. மறதி நோய் உள்ளவர்கள் கவளத்தை வாயில் வைத்துக்கொண்டு விழுங்க மறந்து உட்கார்ந்திருப்பார்கள்.

பிறகு குரல். சாப்பாட்டுக்கு நடுவே, "அம்மா, 'ஆ'ன்னு நீட்டிச் சொல்லுங்க" என்று கேளுங்கள். சாப்பிடும் முன் தெளிவாக இருந்த குரல், இப்போது வாயில் தண்ணீர் வைத்துக்கொண்டு பேசுவதுபோல் களகளவென்று இருந்தால், குரல் நாண்களின் மேலேயோ பக்கத்திலேயோ ஏதோ தேங்கி நிற்கிறது. இருமல் வராவிட்டாலும் இந்தக் குரல் மாற்றம் முக்கியமான எச்சரிக்கை. அடிக்கடி தொண்டையைச் செருமுவது, கண்ணில் நீர் கோத்துக்கொள்வது, மூக்கு ஒழுகுவது, சாப்பாட்டின்போது மூச்சு வாங்குவது எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். முடித்த பிறகும் சில நிமிடங்கள் கூட இருங்கள். இருமல் தாமதமாகவும் வரும்.

குடிக்கும் விதத்தைத் தனியாகப் பாருங்கள். எச்சில் படாமல் அண்ணாந்து குடிப்பது நம் வளர்ப்பில் ஊறிய பழக்கம். தலை பின்னால் சாயும்போது தண்ணீர் நாக்கின் கட்டுப்பாட்டை மீறி நேராகத் தொண்டைக்குப் பாயும். மூச்சுப் பாதையைக் காப்பதும் கடினமாகும். வாலிபத்தில் அதைச் சமாளித்த தொண்டை வயதான பிறகோ பக்கவாதத்துக்குப் பிறகோ சமாளிக்காமல் போகலாம். அண்ணாந்தால் மட்டும் புரையேறுகிறதா, டம்ளரை உதட்டில் வைத்துக் குடித்தாலும் ஏறுகிறதா என்ற வித்தியாசம் டாக்டருக்கு உதவும்.

ரசம் சாதம் இன்னொரு நல்ல சோதனை. எளிதில் இறங்கும் என்று நாம் நினைக்கும் உணவு அது. ஆனால் வாய்க்குள் இரண்டு வேலை வைக்கும். பருக்கையை மெல்ல வேண்டும், அதற்குள் ரசம் தொண்டைக்கு ஓடிவிடக் கூடாது. குழைந்த பருப்புச் சாதத்தில் வராத இருமல் ரசம் சாதத்தில் வந்தால், பருக்கை மிதக்கும் கஞ்சியில் வந்தால், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பொரி, மிக்சர், காய்ந்த அவல் போன்ற உதிரிகள் தொண்டையில் சிதறி ஒட்டிக்கொள்ளும். பிரெட்டும் மைதா பரோட்டாவும் களிபோல் உருண்டு அடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. டாக்டர்கள் 90 மி.லி. தண்ணீரை நிறுத்தாமல் குடிக்கச் சொல்லிப் பார்க்கும் ஒரு சோதனை உண்டு. அதை வீட்டில் நீங்களாகச் செய்து பார்க்காதீர்கள்.

படி 3: சாப்பாட்டுக்கு வெளியே தெரியும் தடயங்கள்

வளையல் கழன்று விழுகிறது, ஜாக்கெட் தொளதொளக்கிறது, மோதிரத்தில் நூல் சுற்ற வேண்டியிருக்கிறது என்றால் எடை பாருங்கள். உணவுக் கட்டுப்பாடு எதுவும் இல்லாமல் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் 5 சதவீதம் குறைவது, அதாவது 60 கிலோ இருந்தவர் 57 ஆவது, காரணம் தேட வேண்டிய விஷயம். சிறுநீர் கடும் மஞ்சளாகப் போவது, மலச்சிக்கல், வறண்ட நாக்கு இவை தண்ணீர் குறைந்ததைக் காட்டும். தண்ணீரைக் கண்டு அவர் பயந்து ஒதுங்குகிறாரா என்று யோசியுங்கள்.

மார்புச் சளி அடிக்கடி வருகிறதா? மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை நிமோனியா என்று ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஆன்டிபயாடிக் போட்டு, வீட்டுக்கு வந்து மறுபடியும் அதே கதை என்றால், நுரையீரலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதாது. உணவும் எச்சிலும் தவறான வழியில் இறங்கும்போது வாயிலுள்ள கிருமிகளும் கூடவே இறங்குகின்றன. வலது பக்க மூச்சுக்கிளை நேராகவும் அகலமாகவும் இருப்பதால் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் இது அதிகம் தெரியும். முதியவர்களுக்குக் காய்ச்சல் வராமலே நிமோனியா வரலாம். திடீர்க் குழப்பம், அளவுக்கு மீறிய தூக்கம், வேகமான மூச்சு மட்டுமே அடையாளமாக இருக்கும்.

இருமலே வராத ஆபத்து

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள். இருமல் ஒரு காவலாளி. தொண்டையின் உணர்ச்சி மரத்துப்போனால் அந்தக் காவலாளி தூங்கிவிடுவார். தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போகும், ஆள் சிரித்துக்கொண்டே சாப்பிடுவார். பக்கவாதம், பார்க்கின்சன் நோய், கழுத்தில் கதிர்வீச்சு சிகிச்சை ஆகியவற்றுக்குப் பிறகு இப்படி நடப்பது அபூர்வமல்ல. "இப்பல்லாம் இருமறதே இல்ல, நல்லாயிடுச்சு" என்று மகிழ்வதற்கு முன் களகள குரலையும் எடையையும் அடிக்கடி வரும் சளியையும் பாருங்கள். இருமல் நின்ற பிறகும் இவை தொடர்ந்தால் முன்பைவிட அதிக ஜாக்கிரதை தேவை.

படி 4: யாரைக் கூடுதலாகக் கவனிப்பது?

பக்கவாதம் முதல் இடம். வந்த புதிதில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு விழுங்குவதில் கோளாறு இருக்கும். அவர்களில் பலருக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும். ஆனாலும் ஆரம்பத்தில் இந்த ஆபத்து இருப்பதால்தான் பக்கவாத அறிகுறி தெரிந்ததும் வாயில் எதுவும் கொடுக்கக் கூடாது என்கிறார்கள். மயங்கியவருக்கு சோடா கொடுப்பது, ஸ்பூனால் பாலைப் புகட்டுவது எல்லாம் அன்பின் பெயரால் நடக்கும் ஆபத்துகள். விழுங்கல் சோதனை முடியும்வரை மாத்திரையும் வேண்டாம்.

பார்க்கின்சன் நோயில் எச்சில் வழியும். எச்சில் அதிகம் சுரப்பதால் அல்ல, விழுங்கும் எண்ணிக்கை குறைவதால். மருந்து வேலை செய்யும் நேரத்தோடு சாப்பாட்டு நேரத்தைப் பொருத்த முடியுமா என்று நரம்பியல் டாக்டரிடம் கேளுங்கள். மையஸ்தீனியா கிராவிஸ் நோயில் முதல் நாலு வாய் நன்றாகப் போகும். போகப் போகத் தாடை சோர்ந்துவிடும். மாலையில் கண் இமை தொங்குவதும் சேர்ந்தால் சந்தேகம் வலுக்கும்.

புகையிலை, பாக்கு, பான் மசாலா போடுபவர்கள் தனி வகை. வாயின் உள்தோல் நார்போல் இறுகி, வாய் திறப்பதே குறையும். நிமிர்த்தி வைத்த மூன்று விரல் பற்களுக்கிடையே நுழையாவிட்டால் பல் டாக்டரைப் பாருங்கள். ஆறாத புண், கழுத்துக் கட்டி, ஒரு பக்கக் காதுவலி, மூன்று வாரத்துக்கு மேல் கரகரக்கும் குரல் இவற்றைத் தள்ளிப்போடக் கூடாது. நெடுநாள் இரும்புச்சத்துக் குறைபாடு உள்ள பெண்களுக்கு உணவுக்குழாயின் மேற்பகுதியில் மெல்லிய சவ்வு வளர்ந்து அடைப்பது உண்டு. தூக்க மாத்திரை, மனநல மருந்துகள், வாயை உலர்த்தும் மருந்துகளும் விழுங்கலைக் கெடுக்கும். அதனால் மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் கையோடு எடுத்துப்போங்கள்.

படி 5: ஒரு நோட்டு, ஒரு வீடியோ

ஒரு வாரத்துக்கு எழுதுங்கள்: என்ன சாப்பிட்டார், எதில் புரையேறியது, சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம், வாரத் தொடக்கத்திலும் முடிவிலும் எடை. கூடவே, அவர் சம்மதத்தோடு, சாப்பிடுவதைச் செல்போனில் இரண்டு நிமிடம் படம் பிடித்துக்கொள்ளுங்கள். கூட்டம் நிறைந்த ஓ.பி.யில் உங்கள் வாய்மொழி விளக்கத்தைவிட இது விரைவாகப் புரியும்.

2008-இல் வெளியான 'ஈட்-10' என்ற கேள்வித்தாளில் 10 கேள்விகள் உண்டு. எடை குறைந்ததா, வெளியில் சாப்பிடப் போவது தடைப்படுகிறதா, மாத்திரை விழுங்கச் சிரமமா, சாப்பிடும்போது இருமலா என்பது போன்றவை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். மொத்தம் 3 அல்லது அதற்கு மேல் வந்தால் பரிசோதனை தேவை. நோயாளி தாமே பதில் சொல்ல வேண்டும். நினைவாற்றல் குறைந்தவருக்கு இது பயன்படாது.

காத்திருக்கக் கூடாத நேரங்கள்

விழுங்கல் திடீரென்று கெட்டால், கூடவே வாய் கோணல், கை கால் பலவீனம், பேச்சுக் குழறல் இருந்தால் உடனே 108. கை கால் நன்றாக இருந்தும் ஏமாறலாம்: மூளைத் தண்டின் பக்கவாட்டில் வரும் ஒருவகைப் பக்கவாதத்தில் தலைசுற்றல், நிற்காத விக்கல், கரகரத்த குரல், ஒரு பக்க முகத்தில் மரத்துப்போதல், எச்சிலைக்கூட விழுங்க முடியாமை என்றுதான் ஆரம்பிக்கும்.

எச்சிலும் இறங்காமல் துப்பிக்கொண்டே இருப்பவர், கறித்துண்டு மாட்டி நெஞ்சில் நிற்பவர், ரத்த வாந்தி எடுப்பவர், புரையேறிய சில மணி நேரத்தில் மூச்சிரைப்பவர் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். திட உணவு நிற்பது நாளுக்கு நாள் கூடி எடையும் குறைந்தால் அந்த வாரமே எண்டோஸ்கோபிக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

உணவு மூச்சுக்குழாயை முழுதாக அடைத்தால் பேச்சு வராது, இருமல் வராது, கை கழுத்துக்குப் போகும். முன்னால் குனிய வைத்துத் தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை ஓங்கித் தட்டுங்கள். பிறகு பின்னால் நின்று தொப்புளுக்கு மேல் கைமுஷ்டியை வைத்து உள்ளும் மேலுமாக 5 முறை அழுத்துங்கள். மாறி மாறிச் செய்யுங்கள். அதற்குள் இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். மயங்கி விழுந்தால் நெஞ்சழுத்த முதலுதவி தொடங்க வேண்டும். நன்றாக இருமிக்கொண்டிருப்பவரை மட்டும் தொந்தரவு செய்யாதீர்கள், இரும விடுங்கள். தண்ணீரும் கொடுக்க வேண்டாம்.

படி 6: எந்த டாக்டர், என்ன பரிசோதனை?

தொண்டை என்றால் இ.என்.டி., நெஞ்சில் நிற்கிறதென்றால் குடல்–இரைப்பை நிபுணர், பக்கவாதம் பார்க்கின்சன் என்றால் நரம்பியல் டாக்டர். இவர்களுக்கெல்லாம் நடுவே, நம்மில் பலர் கேள்விப்படாத ஒருவர் இருக்கிறார்: பேச்சு சிகிச்சையாளர். பேச்சுக்கு வைத்தியம் பார்க்கிறவருக்கும் சாப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். பேசவும் விழுங்கவும் பயன்படுபவை பெரும்பாலும் ஒரே தசைகள், ஒரே நரம்புகள்; விழுங்கல் பயிற்சி அவருடைய வேலையில் முக்கியப் பகுதி. இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

பரிசோதனைகளில் இரண்டு முக்கியம். ஒன்று, பேரியம் கலந்த உணவைச் சாப்பிட வைத்து நகரும் எக்ஸ்ரேயில் பார்ப்பது. மற்றொன்று, மெல்லிய கேமராவை மூக்கு வழியாக இறக்கி, சாப்பிடும்போது தொண்டையைப் பார்ப்பது. இந்த இரண்டாவது முறையை, பேச்சு சிகிச்சையாளரான சூசன் லாங்மோர் 1988-இல் முறைப்படுத்தி வெளியிட்டார். படுக்கையிலிருந்து எழ முடியாதவருக்குப் பக்கத்திலேயே செய்துவிடலாம். இருமல் வராத ஆபத்தை இவ்விரண்டும் பிடித்துவிடும். உணவுக்குழாய்க்கு எண்டோஸ்கோபி, அக்கலேசியா சந்தேகமிருந்தால் குழாயின் அழுத்தம் அளக்கும் சோதனையும்.

டாக்டரைப் பார்க்கும்வரை

படுக்கையில் படுத்தபடி ஊட்டாதீர்கள். நேராக உட்கார வைத்து, பாதம் தரையில் பட, சாப்பிட்ட பிறகும் அரை மணி நேரம் அப்படியே வைத்திருங்கள். நின்றுகொண்டு ஊட்டினால் அவர் தலை தானாக அண்ணாந்துவிடும்; நீங்களும் உட்காருங்கள். சிறு ஸ்பூன் போதும். முந்தைய வாய் இறங்கியதா என்று பார்த்துவிட்டு அடுத்தது. தூக்கக் கலக்கத்தில் உள்ளவருக்கு ஊட்டவே வேண்டாம். நாளுக்கு இரண்டு முறை பல்லையும் நாக்கையும் பல்செட்டையும் சுத்தம் செய்யுங்கள். நுரையீரலுக்குப் போகும் கிருமிகள் அங்கேதான் குடியிருக்கின்றன.

தண்ணீரை மாவு போட்டுக் கெட்டியாக்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். சிலருக்கு உதவும், சிலர் அந்தப் பசையை வெறுத்துத் தண்ணீரே குடிக்காமல் வறண்டுபோவார்கள். கூழும் கஞ்சியும் கெட்டியாகத் தெரிந்தாலும் எச்சில் பட்ட ஸ்பூன் திரும்பத் திரும்பக் கிண்ணத்துக்குள் போனால் எச்சிலிலுள்ள நொதி மாவுச்சத்தை உடைத்துச் சற்று நேரத்தில் தண்ணீராக்கிவிடும். ஐஸ்கிரீமும் வாயில் கரைந்து தண்ணீர்தான் ஆகிறது. மோவாயைக் குனிந்து விழுங்கச் சொல்வதும் எல்லோருக்கும் பொருந்தாது. எந்தப் பதம், எந்தக் கோணம் என்பதைச் சிகிச்சையாளர் பார்த்துச் சொல்லட்டும்.

மாத்திரை இறங்கவில்லை என்று எல்லாவற்றையும் பொடித்துவிடாதீர்கள். பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., இ.ஆர்., எக்ஸ்.ஆர். என்று இருந்தால், ஒரு நாள் முழுக்கச் சிறுகச் சிறுக வெளியேற வேண்டிய மருந்து பொடித்த உடனே மொத்தமாக உடம்பில் இறங்கிவிடும். மேலுறை போட்ட சில மாத்திரைகளும் பொடித்தால் வீணாகும். மருந்துக் கடையில் கேட்பதைவிட டாக்டரிடமே கேளுங்கள். பல மருந்துகள் சிரப்பாகவோ நாக்கில் கரையும் மாத்திரையாகவோ கிடைக்கின்றன.